உப்புநீரும் நன்னீரும்: யிர்க்கலா பள்ளி, ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூலையை ஒட்டி, பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் 'நெய்டாக் வாரம்' வந்தால் ஆஸ்திரேலியப் பள்ளிகளில் பெயின்ட் டப்பாக்கள் திறக்கும். மெல்பர்னில் என் மகள் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில், வருடம் தவறாமல் அந்த வாரம் ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு வருவாள். நடுவில் ஆமையோ பல்லியோ இருக்கும். சுற்றிலும் காது குடையும் பஞ்சுக்குச்சியால் வைத்த வண்ணப் புள்ளிகள். "இதுதான் பூர்வகுடி ஓவியம், அப்பா" என்பாள். நானும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பேன்.

ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தப் புள்ளி ஓவியம் நடுப்பாலையில் இருக்கும் பப்புன்யா என்ற ஊரில் 1971 வாக்கில் பலகையிலும் துணியிலும் ஏறிப் பரவிய பாணி. வடகோடிக் கடற்கரையில் இருக்கும் யோல்ங்கு மக்கள் மரப்பட்டையில் வரைவது மயிரிழைபோலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகளை. இரண்டு ஊருக்கும் நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கேரளத்தில் தரையில் வண்ணப்பொடியால் வரையும் களமெழுத்தை எடுத்துத் தஞ்சாவூர்ப் பிள்ளையிடம் கொடுத்து, "இது உங்கள் இந்தியக் கலை, வரை" என்று சொல்வதைப் போன்றது இது.

அந்தப் பள்ளியை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் செய்தார்கள். பூர்வகுடிப் பண்பாட்டை அரவணைப்பது, பூர்வகுடி மாணவர்களுக்குக் கைகொடுப்பது என்று எல்லாப் பள்ளிகளும் எழுதி வைத்திருக்கின்றன. எதைச் சொல்லிக்கொடுப்பது, எந்த மொழியில், யார் நின்று சொல்லிக்கொடுப்பது என்பதை அந்தப் பிள்ளைகளின் சொந்தபந்தங்கள் தீர்மானிக்கிறார்களா என்று கேட்டால்தான் வித்தியாசம் வெளியே வரும். அப்படித் தீர்மானிக்க அரை நூற்றாண்டாக முட்டிமோதிய ஒரு பள்ளியின் கதை இது.

மரப்பட்டையில் ஒரு மனு

யிர்க்கலா, ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில், ஆர்னம் லாண்டின் வடகிழக்கு முனையில் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத கடலோரக் கிராமம். 1935இல் மெதடிஸ்ட் சபையார் வந்து மிஷன் போட்டார்கள். சுற்றுவட்டாரக் குலங்கள் ஒவ்வொன்றாக மிஷனை ஒட்டிக் குடியேறின. பத்துக்கும் மேற்பட்ட குலங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலம், தனித்தனி மொழிவழக்கு.

இவர்களுக்கு அயலார் புதிதல்ல. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே சுலவேசித் தீவின் மக்காசர் மாலுமிகள் பருவக்காற்றில் பாய் விரித்து இந்தக் கரைக்கு வந்துபோனார்கள். வந்தது கடல் அட்டைக்காக. நம் மன்னார் வளைகுடாவில் பிடித்து, அவித்து, காயவைத்துச் சீனாவுக்கு அனுப்பிய அதே சரக்கு. அந்த வியாபாரம் விட்டுப்போன சொற்கள் இன்னும் புழங்குகின்றன. வெள்ளைக்காரருக்கு இவர்கள் வைத்த பெயர் 'பலண்டா'. ஹாலந்துக்காரர் என்ற சொல் மக்காசர் வாயில் திரிந்து வந்தது. பணத்துக்கு 'ருப்பியா' என்கிறார்கள். நம் ரூபாயேதான், சுற்றுவழியில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

1963இல் அரசாங்கம், இந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் நிலத்தைப் பாக்சைட் சுரங்கத்துக்காக வெட்டி எடுத்தது. யிர்க்கலா பெரியவர்கள் மனு எழுதினார்கள். தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, தாளைச் சுற்றித் தங்கள் நிலத்தைச் சொல்லும் குலச் சித்திரங்களைத் தீட்டி கான்பராவுக்கு அனுப்பினார்கள். சுரங்கம் நிற்கவில்லை. வழக்குப் போட்டார்கள், 1971இல் தோற்றார்கள். ஆனாலும் அந்த வழக்கு கிளப்பிய கேள்வி, 1976இல் வட ஆட்புலத்துக்கு நில உரிமைச் சட்டம் வரக் காரணங்களில் ஒன்றானது. பட்டை மனுக்கள் இன்றும் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கின்றன.

பள்ளியைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். அந்தப் பட்டையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில், சுற்றிலும் சொந்தச் சித்திரம் காவல். பின்னாளில் யிர்க்கலா பள்ளி செய்ய முயன்றதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

எந்த மொழியில் அ, ஆ?

1972 கடைசியில் ஆட்சிக்கு வந்த பிரதமர் விட்லமின் அரசு, பூர்வகுடிப் பிள்ளைகள் முதலில் தாய்மொழியிலேயே எழுதப் படிக்கக் கற்கலாம் என்று அறிவித்தது. அதுவரை ஆங்கிலம்தான் பள்ளி, பள்ளிதான் ஆங்கிலம். யிர்க்கலாவில் இருமொழித் திட்டம் 1974இல் தொடங்கியது. ஆரம்ப வகுப்புகளில் பெரும்பாலும் யோல்ங்கு மொழி, மேலே போகப்போக ஆங்கிலம் கூடிக்கொண்டு வரும். வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் யோல்ங்கு, ஒருவர் பலண்டா. பாடப்புத்தகம் இல்லையா? ஊரிலேயே எழுதி, ஊரிலேயே படம் வரைந்து, பள்ளியிலேயே அச்சடித்துக்கொண்டார்கள்.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. நடைமுறையில் வந்த சிக்கல் தமிழர்களுக்கு நன்றாகவே புரியும்.

யோல்ங்கு மொழி என்பது ஒற்றை மொழி கிடையாது. 'யோல்ங்கு மாத்தா' என்பார்கள். மாத்தா என்றால் நாக்கு. இந்த வழக்குகளை மொழியியலாளர்கள் வகைப்படுத்தும் விதமே அழகு: 'இது' என்பதற்கு எந்தச் சொல் வருகிறதோ, அதுவே அந்த வகையின் பெயர். நம்மூரில் ஒருவர் 'இங்கிட்டு' என்றால் ஒரு ஊர், 'இஞ்ச' என்றால் இன்னோர் ஊர் என்று கண்டுபிடிக்கிறோமே, அந்த மாதிரி. குழந்தைக்குச் சொந்த மொழி அப்பாவின் குலமொழி. அம்மா வேறு குலம், ஆகவே வேறு மொழி. ஆக வீட்டுக்கு வீடு குறைந்தது இரண்டு.

திட்டம் தொடங்கியபோது 'குமாஜ்' என்ற குலமொழியை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருந்த வாண்டுகள் குமாஜ் பேசவில்லை. பல குலத்துப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் விளையாடி வளர்ந்ததில் எல்லா வழக்கும் கலந்து புதிதாக ஒன்று முளைத்திருந்தது. பெயர் 'துவாயா'. பெரியவர்கள் அதைப் பிள்ளைப் பேச்சு, மழலை என்றார்கள். அதைப் பாடமொழி ஆக்கினால் குலமொழிகள் அழிந்துபோகும் என்ற பயம். ஆக்காவிட்டால், தாய்மொழிக் கல்வி என்ற பெயரில் பிள்ளைக்குப் பழக்கமில்லாத இன்னொரு மொழியில் கற்பிக்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் சில வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். 'நான் சோறு உண்டேன்' என்று கரும்பலகையில் எழுதினால், "சார், எங்க வீட்டுல 'சாப்ட்டேன்'னுதான் சொல்லுவோம்" என்று ஒரு பையன் எழுந்து நிற்பான். அவன் சொன்னதையும் தமிழ் என்று ஏற்றுக்கொள்வதா, திருத்துவதா என்று நாங்கள் மாதக்கணக்கில் ஆசிரியர் கூட்டத்தில் முட்டிக்கொண்டது உண்டு. யிர்க்கலாவில் 1980களில் நடந்ததும் கிட்டத்தட்ட அதே சண்டைதான், பத்து மடங்கு கனத்தோடு. கடைசியில் எடுத்த முடிவு நிதானமானது. பிள்ளை வாயில் இருக்கும் துவாயாவில் எழுத்தறிவைத் தொடங்குவது, வளர வளர அவரவர் குலமொழிக்குக் கூட்டிப்போவது. இதில் முக்கியம், வட ஆட்புலத்தின் தலைநகரான டார்வினில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி யாரும் இந்த முடிவை எடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டு எடுத்தது.

தலைமையாசிரியர் நாற்காலி

முடிவெடுக்கும் இடம் கைமாறியது ஒரே நாளில் நடக்கவில்லை. அதற்கு ஆசிரியர்கள் வேண்டும். பாட்சலர் கல்லூரியின் பயிற்சித் திட்டம், ஊரை விட்டுப் போகாமலேயே யோல்ங்கு இளைஞர்கள் ஆசிரியராகப் படிக்க வழி செய்தது. அப்புறம் டீக்கின் பல்கலைக்கழகம் சேர்ந்துகொண்டு பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது. அப்படிப் படித்தவர்களில் ஒருவர் மண்டாவுய் யூனுபிங்கு. 1988இல் பட்டம், ஆர்னம் லாண்டிலிருந்து பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் பூர்வகுடி மனிதர். 1990இல் தான் பிறந்த ஊரான யிர்க்கலாவின் பள்ளிக்கே தலைமையாசிரியர் ஆனார்.

பலருக்கு இவரைத் தெரிந்தது பாடகராக. 'யோத்து யிண்டி' இசைக்குழுவை 1986இல் தொடங்கியவர்களில் ஒருவர். 1992இல் 'ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்' விருது கிடைத்தது. 2013இல் சிறுநீரக நோயில் இறந்தார், வயது 56. இசை உலகம் கொண்டாடிய அளவுக்கு அவருடைய கல்விப் பணியை யாரும் பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

அவரும் ரேமட்ஜா மரிக்கா போன்ற சக ஆசிரியர்களும் பள்ளிக்கு எடுத்துக்கொண்ட அடிப்படைக் கருத்துக்குப் பெயர் 'கன்மா'. நிலத்திலிருந்து வரும் நன்னீர் ஓடையும் கடலிலிருந்து ஏறும் உப்புநீரும் கழிமுகத்தில் சந்திக்கும். ஒன்றை ஒன்று விழுங்காது. மோதி, சுழன்று, மேலே நுரை கட்டும். யோல்ங்கு அறிவு நன்னீர், பலண்டா அறிவு உப்புநீர், அந்த நுரைதான் புதிய அறிவு. இது கேட்க நன்றாக இருக்கும் உவமை மட்டும் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். இதை வைத்துக் கணக்குப் பாடம் எழுதினார்கள்.

மாமன், மச்சான், கணக்கு

யோல்ங்கு உலகத்தில் எல்லாமே இரண்டு பாதி: துவா, யிரிட்ஜா. மனிதர் மட்டும் அல்ல. நிலம், மரம், மீன், காற்று எல்லாவற்றுக்கும் பாதி உண்டு. ஒரு பாதியில் பிறந்தவர் மறுபாதியில்தான் மணம் முடிக்க வேண்டும். பிள்ளை அப்பாவின் பாதி. ஆகவே நான் துவா என்றால் அம்மா யிரிட்ஜா, அம்மாவின் அம்மா மறுபடி துவா. 'யோத்து யிண்டி' என்ற பெயரே பிள்ளையும் தாயும் என்று இந்த உறவைச் சொல்வதுதான்.

இந்த உறவு வலைக்கு 'குர்ருடு' என்று பெயர். அப்பாவின் சகோதரனும் அப்பாதான், அவர் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள். தாய்மாமன் பிள்ளைகள் வேறு வகை, அங்கே மணஉறவு சாத்தியம். பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான் என்று வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லாரையும் ஒரே 'கசின்' என்ற சொல்லில் அடைக்கும் ஆங்கிலக்காரருக்குத்தான் தலைசுற்றும். திராவிட உறவுமுறையையும் ஆஸ்திரேலியப் பூர்வகுடி உறவுமுறைகளையும் பக்கத்தில் வைத்து மானிடவியலாளர்கள் நெடுநாளாக ஒப்பிட்டு வந்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும், 'பார்த்தாயா, அவர்கள் நம்மவர்களே' என்று வாட்ஸ்அப்பில் குமரிக்கண்டத்தை மிதக்கவிட வேண்டாம். ஒப்புமை அமைப்பில்தான்.

சரி, இது கணக்கு ஆனது எப்படி? குர்ருடுவில் பெயர்கள் எண்ணிச் சொல்லக்கூடிய கொஞ்சம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதே பெயர்கள் ஒழுங்காகச் சுழன்று வந்து, இருக்கிற எல்லாரையும், இனிப் பிறக்கப்போகிறவரையும் தழுவிவிடும். பத்தே இலக்கங்கள் சுழன்று சுழன்று எல்லா எண்ணையும் எழுதிவிடுகின்றனவே, அதே தந்திரம். யோல்ங்குப் பிள்ளை ஐந்து வயதிலேயே இந்தச் சுழற்சியில் தேர்ந்திருக்கும். அந்தத் தேர்ச்சியிலிருந்து பத்தடிமான எண்முறைக்குப் பாலம் போடலாம் என்று யிர்க்கலா ஆசிரியர்கள் பிடித்துக்கொண்டார்கள். இடங்களையும் குலவழித் தடங்களையும் சொல்லும் அறிவை அளவையியலுக்கும் வரைபடத்துக்கும் பக்கத்தில் வைத்தார்கள். இந்தப் பாடத்திட்டத்துக்கு 'கார்மா கணிதம்' என்று பெயர். எண்ணுவதற்கும் சொந்த முறை உண்டு: கடலாமை முட்டைகளை ஐந்து ஐந்தாகச் சேர்த்து எண்ணுவார்கள், அந்த ஐந்தின் கட்டு 'ருலு'. இரண்டு ருலு பத்து. மணலில் குழி தோண்டி முட்டை எடுத்த பிள்ளைக்கு ஐந்தாம் வாய்ப்பாடு கையிலேயே இருக்கிறது.

பாடம் தயாரித்த விதமும் கவனிக்க வேண்டியது. பெரியவர்கள், ஆசிரியர்கள், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து குறிப்பிட்ட குலத்தின் நிலத்துக்குப் போய், அந்த நிலத்துக்கு உரியவர் சொல்லச் சொல்லக் கற்று, பிறகு வகுப்பறையில் அதைப் பாடமாக்குவார்கள். இந்தப் பட்டறைகளை 'கல்தா ரோம்' என்றார்கள். (நம்மூர்க் 'கல்தா கொடுப்பது' இல்லை.) கல்தா என்பது சடங்குக்கு முன் எல்லாரும் கூடி உட்கார்ந்து திட்டமிடும் தருணம், ரோம் என்றால் சட்டம், நெறி. யாருடைய நிலமோ அவர் வாயைத் திறக்காமல் பாடம் தொடங்காது. பஞ்சுக்குச்சிப் புள்ளிக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்.

குர்ருடு தெரியாத ஆசிரியர் வகுப்பில் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வளர்ந்த அண்ணன் தங்கை நேருக்கு நேர் பேசுவதற்கும், தங்கையின் பெயரை அண்ணன் சொல்வதற்கும் தடை உண்டு. மாமியார் முறைக்காரரோடும் விலகல் உண்டு. புருஷன் பெயரைச் சொல்லாத பாட்டிகளைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. புதிதாக வந்த பலண்டா ஆசிரியர், தங்கை முறைப் பெண்ணோடு ஒரு பையனைச் சேர்த்து உட்காரவைத்து, "அவள் பெயர் என்ன, சொல்" என்கிறார். பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். குறிப்பேட்டில் 'பதில் சொல்வதில்லை' என்று ஏறிவிடும். பக்கத்திலேயே யோல்ங்கு ஆசிரியர் நின்றால் இது முளையிலேயே தீர்ந்துவிடும். அந்த ஆசிரியர் பல பிள்ளைகளுக்கு அத்தையாகவோ அம்மாவாகவோ இருப்பார் வேறு.

நான்கு மணி நேரம்

2008 மே மாதம், நாடு முழுக்க முதல்முறையாக 'நாப்ளான்' தேர்வு நடந்தது. 3, 5, 7, 9 வகுப்புகளுக்கு, எல்லாருக்கும் ஒரே தாள், ஆங்கிலத்தில். தொலைதூரப் பூர்வகுடிப் பள்ளிகளின் மதிப்பெண் மோசம். அந்த அக்டோபரில் வட ஆட்புல அரசு ஓர் ஆணை போட்டது: பள்ளியின் முதல் நான்கு மணி நேரமும் ஆங்கிலத்தில்தான். மிச்ச நேரத்தில் தாய்மொழி. மதிய வெயிலில், பாதிப் பிள்ளைகள் தூங்கி விழும் நேரம் மிச்சம். இருமொழித் திட்டத்துக்கு நடைமுறையில் அது சாவுமணிதான்.

ஆணையில் இருந்த தர்க்கப் பிழை எளிது. மூன்றாம் வகுப்பு வரை பெரும்பாலும் தாய்மொழியில் படித்து, அதன் பிறகு ஆங்கிலத்தில் வேகம் எடுப்பதுதான் திட்டம். மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத் தாளை நீட்டினால் மார்க் எங்கிருந்து வரும்? நெல் நட்ட மாதமே அறுவடை கேட்பது போல. ஆணை போட்ட அமைச்சர் மேரியன் ஸ்கிரிம்கர் தானே ஒரு பூர்வகுடிப் பெண். பிள்ளைகள் ஆங்கிலம் தெரியாமல் நின்றுவிடக் கூடாது என்பது அவர் கவலை. அந்தக் கவலை யிர்க்கலா பெற்றோருக்கும் உண்டு. ஆங்கிலம் வேண்டாம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. பட்டை மனுவிலேயே ஆங்கிலம் இருந்ததே. இரண்டும் வேண்டும், வரிசையை நாங்கள் தீர்மானிக்கிறோம் என்றார்கள்.

வேறு சில பள்ளிகளில் திட்டம் தளர்ந்து போனது. யிர்க்கலா பிடிவாதமாக நடத்திக்கொண்டே போனது. சில வருடங்களில் ஆணை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

எட்டுப் பேர்

2020இல் யிர்க்கலா பள்ளியிலிருந்து எட்டு மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார்கள், பல்கலைக்கழகத்துக்குப் போகத் தகுதியான மதிப்பெண்ணோடு. அந்த ஊர்ப் பள்ளி வரலாற்றில் முதல்முறை. இருமொழியில் வளர்ந்த பிள்ளைகள்.

எட்டுப் பேர்தானா என்று கேட்பவர் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். திட்டம் தொடங்கி 46 வருடம். ஆனால் அந்த 46 வருடமும் திட்டத்தை ஒழுங்காக விட்டு வைத்தார்களா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அருகிலேயே இருந்த டுப்புமா கல்லூரி என்ற உயர்நிலை விடுதிப் பள்ளியை 1980இல் அரசு இழுத்து மூடியது. யோல்ங்கு ஆசிரியர்களை ஊரிலேயே உருவாக்கிய பயிற்சித் திட்டம் போகப்போகச் சுருங்கியது. நடுவில் 2008.

தீராத பாடுகள் இன்னும் உண்டு. அந்தப் பகுதி முழுக்க வருகைப் பதிவு கவலைப்படும்படிதான் இருக்கிறது. சாவுச் சடங்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கும். பள்ளி நாட்காட்டி அதற்கு வளைவதில்லை. பலண்டா ஆசிரியர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் மூட்டை கட்டுவது வட ஆட்புலத்தின் எல்லாத் தொலைதூரப் பள்ளிகளிலும் உள்ள கதை. நடுக்காதுச் சீழ் நோய் அங்கே குழந்தைகளிடம் மிக அதிகம். சரியாகக் காது கேட்காத பிள்ளையைக் 'கவனிக்காத பிள்ளை' என்று முத்திரை குத்துவது சுலபம். இதற்கு மேல், அரசு பள்ளிக்குக் கொடுக்கும் பணத்தை, சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்ட காலம் ஒன்று இருந்தது. வராத பிள்ளையைத் தேடிப்போய்க் கூட்டிவரத்தானே பணம் கூடுதலாக வேண்டும்? 2022 கடைசியில்தான் இந்த முறையைக் கைவிடப்போவதாக அரசு சொன்னது.

நன்றாக நடக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2013 முதல் 'நிலத்தில் கற்றல்' என்ற திட்டம் ஓடுகிறது. உயர்நிலை மாணவர்கள் டிமுரு அமைப்பின் பூர்வகுடி வனக்காவலர்களோடு கடற்கரைக்குப் போகிறார்கள். அறிவியல் பாடமும் பெரியவர்களின் அறிவும் அங்கே ஒன்றாக நடக்கின்றன. படித்து முடித்தால் ஊரிலேயே வேலை என்ற நம்பிக்கைக்கும் இதில் இடம் இருக்கிறது.

வகுப்பறைக்குள் இத்தனையையும் கட்டிக்காத்தவர்களில் முக்கியமானவர் யால்மே யூனுபிங்கு, மண்டாவுயின் மனைவி. பாடங்களும் கதைகளும் தாய்மொழியில் இல்லையே என்று உட்கார்ந்து எழுதியவர், மொழிபெயர்த்தவர். அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸின் கதைகளைக்கூட யோல்ங்கு மாத்தாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஆங்கில ஒலிநயத்தை வேறு மொழியில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கஷ்டம் தெரியும். நாற்பது வருடம் அந்த ஒரே பள்ளியில் வேலை பார்த்து 2023இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு மூத்தோருக்கான 'ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்' விருது அவருக்குக் கிடைத்தது.

விருது கான்பராவில் கொடுத்தார்கள். யிர்க்கலாவில் அவர் விட்டுப்போன இடத்துக்கு மொழியும் தெரிந்த, குர்ருடுவும் தெரிந்த, ஆசிரியப் பட்டமும் உள்ள ஆட்கள் தேவை. அந்தப் பட்டத்தை ஊரை விட்டுப் போகாமல் வாங்க ஒரு காலத்தில் வழி இருந்தது. அந்தக் கல்லூரி இருக்கும் பாட்சலர் ஊரோ டார்வினுக்கும் தெற்கே. நடுவில் முழு ஆர்னம் லாண்டும் கிடக்கிறது.